மேடை கட்டியவர்கள் போக மாட்டார்கள்

கூலாயில் நான் இருந்த தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகளைத் தாண்டிப் பெரிய சாலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை. கையில் சோறு ஆக்கும் குக்கர். அதற்குள்ளே சவரக்கத்தி, சாவி இல்லாத ஒரு பூட்டு, அரை பாக்கெட் காப்பித்தூள். நான் அடி வைக்கும்போதெல்லாம் மூடி டக் டக் என்று அடித்துக்கொண்டது. வெயில் ஏறியிருந்தது. கால்வாய் ஓரம் புல் வெட்டும் ஆள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பச்சைப் புல் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்தன.

இந்தத் தொடரில் சென்ற வாரக் கதையை, காஹாங்கில் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் நான் இருந்ததோடு விட்டிருந்தேன். அங்கிருந்து கூலாய்க்கு வந்த கதையில் சொல்ல ஒன்றுமில்லை. லாரியை விற்றார்கள், நான் இறங்கினேன். கூலாயில் ஒரு வீட்டின் பின்னறையில் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தேன். என் கணக்கில் அது நீண்ட காலம்.

அன்று நான் கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை. யாரும் விரட்டவும் இல்லை. அறை வாடகை ஏறியது, கிளம்பினேன். ஏறியதற்குக் காரணம் என் வாய்.

பின்னறை

அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் தேவனும் சரசுவும். ஒரே மகள், பள்ளியில் கடைசி வருடம், ஐந்தாம் படிவம். தேவன் பள்ளி வேன் ஓட்டினான். அந்தத் தாமானிலும் பக்கத்துத் தாமானிலும் பதினேழு பிள்ளைகள். விடியும் முன்னே ஹாரன் அடிக்காமல் ஒவ்வொரு வாசலிலும் நிற்பான். ஹாரன் அடிக்காததாலேயே அவனுக்குப் பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று சரசு சொல்வாள். அவள் மத்தியானம் வரை ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தாள்.

வீட்டுக்கு மாதம் தொள்ளாயிரம் வெள்ளி கொடுத்தார்கள். துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்து அறையை எனக்கு இருநூற்றைம்பதுக்கு விட்டிருந்தார்கள். மெஷின் சுற்றும்போது என் கட்டிலும் சேர்ந்து ஆடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு வாடகையில் சேர்த்தி. அப்படி யாரும் பேசிக்கொள்ளவில்லை. முதல் ஞாயிறு சரசு தட்டை நீட்டினாள், நான் வாங்கினேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

வீட்டுச் சொந்தக்காரர் ராமையா. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தை எடுத்து அந்த வீட்டை வாங்கியவர். மாதம் பிறந்து முதல் ஞாயிறு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவார். பணத்தை எண்ணமாட்டார். சட்டைப் பையில் வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டுவார். முதல் வருடம் எழுதிய ஒப்பந்தத் தாள் காலாவதியாகி வெகுநாள். புதிது எழுதவேண்டும் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுதவில்லை. எழுதினால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமோ என்று இரண்டு பக்கமும் கூச்சம்.

சாமி வந்து உட்கார்ந்தது

ஒரு மழைநாளில் தேவனின் வேன் சறுக்கிக் கால்வாயில் ஒரு சக்கரத்தை விட்டுவிட்டது. உள்ளே ஒன்பது பிள்ளைகள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அன்று மாலையே தேவன் முனீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டான். வீட்டு வாசலில் மேடை கட்டுகிறேன், மூன்று வருடம் விடாமல் அதே இடத்தில் படையல் போடுகிறேன் என்று.

நம் ஆட்கள் வீட்டு வாசலில் சாமி மேடை கட்டுவது புதிதல்ல. சொந்த வீட்டில் கட்டுவார்கள். வாடகை வீட்டில் கட்டுகிறவர்கள் குறைவு. தேவன் ராமையாவைக் கேட்டான். “கட்டிக்கோ லா, நல்லதுதானே. என் வீட்டுக்கும் காவல்” என்றார் அவர்.

நான் ஒரு காலத்தில் மூன்று மாதம் தரைக்கல் ஒட்டும் வேலை செய்திருக்கிறேன். அந்தத் தகுதியில் மேடைக்குச் சிவப்புக் கல் ஒட்டியது நான்தான். ஒரு மூலை கோணல். பூசை அன்று ராமையாவும் வந்து வடை சாப்பிட்டார். கோணல் மூலையைப் பார்த்து, “இது மணியம் வேலையா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

வாடகை தெரியாதவர்கள்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அங்கே வாடகை என்ற பேச்சே கிடையாது. வேலை இருந்தால் வீடு உண்டு. வேலை போனால் வீடும் போகும். வீடு மேலே இருக்கிறவர் கொடுப்பது, அவரே எடுத்துக்கொள்வது. தோட்டம் கைமாறியபோது ஒரு கடிதம் வந்தது. அப்பா அதை என்னிடம் படிக்கக் கொடுத்தார். நான் இரண்டாம் படிவத்தோடு நின்றவன், பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. ஏன் என்று அப்பா யாரையும் கேட்கவில்லை. கட்டிலின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

பட்டணத்துக்கு வந்த பிறகும் எங்களுக்கு இந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டுக்காரர் ஐம்பது கூட்டினால் கொடுப்போம், நூறு கூட்டினால் முனகிக்கொண்டே கொடுப்போம், இருநூறு என்றால் கட்டிலைக் கழற்றுவோம். நடுவில் உட்கார்ந்து பேசலாம் என்பது தோன்றாது. தோட்டத்திலிருந்து வந்து வீட்டுக்காரர் ஆனவர்களுக்கும் அது தோன்றாது. அவர்களும் நேரே கேட்க வெட்கப்படுவார்கள். மூன்றாவது ஆளைப் பிடித்துச் சொல்லியனுப்புவார்கள். அந்த மூன்றாவது ஆளாக நான் பல வீடுகளில் இருந்திருக்கிறேன்.

நான் இருந்த அறைகளைச் சொன்னால் வாரம் போதாது. மாசாயில் ஒரு அம்மாள் இஸ்திரிப் பெட்டி போட்டால் ஒரு வெள்ளி கேட்பாள். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாலே பார்ப்பாள். பொந்தியானில் ஒருவர் ஏழு வருடமாக ஒரு காசு ஏற்றாதவர். ஊரே அவரைத் தர்மவான் என்றது. அவர் வீட்டுக் குளியலறையின் பலகைத் தரை உடைந்து என் ஒரு கால் முட்டிவரை கீழே போனது. சொன்னேன். “நான்தான் வாடகை ஏத்தலையேப்பா” என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. காலில் மூன்று தையல்.

தே தாரேக்

ஒரு ஞாயிறு ராமையா வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “வா மணியம், தண்ணி குடிச்சிட்டு வரலாம்” என்றார். அவருடைய பழைய காரில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குப் போனோம். இரண்டு தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய தேநீர். அவர் சீனி குறைத்துக் கேட்டார்.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று தடவை இரத்தம் கழுவவேண்டும். அதற்காக மனைவியோடு ஜோகூர் பாருவில் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தார். அந்த வீடு வாடகை. இதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். இங்கே வீட்டுக்காரர், அங்கே வாடகைக்குக் குடியிருப்பவர்.

“அந்த வீட்டுக்காரன் முன்னூறு ஏத்திட்டான் மணியம். சிங்கப்பூர்ல வேலை செய்யிறவன் எவனாவது ரெண்டு மடங்கு குடுப்பான்றான். நான் என்னத்த சொல்ல? அவளைத் தூக்கிக்கிட்டு எங்க போக?”

“பேசிப் பார்த்தீங்களாண்ணே?”

“பேசுறதா? வாட்ஸ்அப்ல அனுப்புனான். நானும் ஓகேன்னு அனுப்பிட்டேன்.”

தேநீர் மேல் நுரை அடங்கிக்கொண்டிருந்தது. அவர் கரண்டியால் கலக்கிக்கொண்டே கேட்டார். “நம்ம வீட்ல இவங்க எப்படி? இருப்பாங்களா? வேற எங்கயாவது பாக்குறாங்களா?”

அவருடைய கவலை எனக்கு வேறு மாதிரி விளங்கியது. நல்ல குடித்தனக்காரர்கள் போய்விடுவார்களோ என்று பயப்படுகிறார், பாவம், வீட்டில் நோயாளி வேறு என்று நினைத்தேன். ஆறுதல் சொல்லும் எண்ணத்தில் சொன்னேன்.

“எங்கண்ணே போவாங்க? சாமிய உட்கார வச்சிட்டாங்க. மூணு வருஷம் அதே எடத்துல படையல் போடுறேன்னு தேவன் வேண்டியிருக்கான். இப்ப ஒன்னுதான் முடிஞ்சிருக்கு. மேடை கட்டுனவங்க போக மாட்டாங்கண்ணே. நீங்க நிம்மதியா இருங்க.”

அவர் கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தார். “அப்படியா” என்றார். தேநீருக்கு அவர்தான் பணம் கொடுத்தார்.

ஆயிரத்து முன்னூறு

அடுத்த மாதம் வாழைப்பழத்தோடு வந்தவர் உட்காரவில்லை. மூன்றாவது ஆளையும் தேடவில்லை. கூடத்தில் நின்றபடியே சொன்னார். “தேவா, அடுத்த மாசத்துலேர்ந்து ஆயிரத்து முன்னூறா குடுத்துருங்க.”

தேவன் தரையைப் பார்த்தான். அவன் என்ன கணக்குப் போடுகிறான் என்று எனக்குத் தெரியும். அந்த ஐந்தாம் படிவத்துப் பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்தப் பக்கம் எங்கே விசாரித்தாலும் ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறைந்து வீடு இல்லை. தரவு மையம் கட்டுகிற குத்தகைக்காரர்கள் ஆட்களை வைக்க வீடு வீடாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே பண்டார் தெங்காராப் பக்கம் போனால் கிடைக்கும். அங்கே போனால் பதினேழு பிள்ளைகளும் போய்விடும். வேன் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சரசு சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அங்கிள், நானூறா?”

“குத்தகைக்காரன் ஆயிரத்து எண்ணூறு தர்றான் மா. பதினாலு பேரப் போடுவானாம். நான் உங்கள்ட்ட அதையா கேட்டேன்?”

“கூரை ஒழுகுனப்ப யாரு மாத்துனது? பைப்பு வெடிச்சப்ப? உங்களுக்குப் போன் பண்ணா, நீங்களே பாத்துக்கோங்க மா, நான் ஆஸ்பத்திரில இருக்கேன்னீங்க. சரின்னு பாத்துக்கிட்டோம். ஒரு காசு கழிச்சோமா?”

“இல்லன்னு யார் சொன்னா?”

“அப்ப அதுக்கு என்ன வெல?”

ராமையாவுக்குக் கோபம் வரவில்லை. களைப்புதான் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் யார்கிட்ட போய்க் கேக்குறது சரசு? எனக்கு ஏத்துறவன்கிட்ட நான் கேக்க முடியல. நீங்க சாமிய வச்சிருக்கீங்க, இங்கதான் இருப்பீங்க. எங்கயும் போக மாட்டீங்கன்னு மணியமே சொன்னான்.”

சரசு திரும்பி என்னைப் பார்த்தாள். மெஷின் கடைசிச் சுற்றில் இருந்தது. வீடே ஆடிக்கொண்டிருந்தது.

“நீங்களா சொன்னீங்கண்ணே?”

“ஆமா” என்றேன். வேறு அர்த்தத்தில் சொன்னேன் என்று விளக்கியிருக்கலாம். ஆனால் ராமையாவும் பொய் சொல்லவில்லையே.

அவள் கைத்தொலைபேசியை எடுத்தாள். மேடையில் சாமியை இறக்கி வைத்த பூசாரிக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

“சாமி, மேடையில இருக்கவர செம்புத் தண்ணில ஏத்தி வேற எடத்துக்குக் கொண்டு போகலாம் இல்லையா?”

“போலாம் மா. செஞ்சிருக்கோம். ஏன் மா?”

“மூணு வருஷம் அதே எடம்னு வேண்டியிருந்தா?”

“அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, அங்க போயி முதல்லேர்ந்து மூணு வருஷம் செய்யணும். அவர் ஒத்துக்குவார். ஆனா காலி மேடைய அப்படியே விட்டுட்டுப் போகக்கூடாது மா. அந்த எடத்துக்கு நல்லதில்ல. யார் குடிவந்தாலும் ஒட்டாது.”

ராமையா எழுந்துவிட்டார்.

“அலமாக், அதெல்லாம் எதுக்கு மா? கொண்டு வந்து வச்சவர எடுக்கிறேன்னு சொல்லலாமா? வீட்ல ஒடம்பு சரியில்லாதவ இருக்கா.”

“நாங்க சும்மா கேட்டோம் அங்கிள்” என்றான் தேவன். அன்று அவன் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

சரசு போனை வைத்தாள். அவர்களுக்கு அந்தச் சாமியைக் கிளப்ப மனமில்லை. ராமையாவுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் தெரியும் என்பதை வைத்துக்கொண்டு அதற்குமேல் பேச அவருக்கும் துணிவில்லை. வாசல் மேடையில் சுருட்டும் எலுமிச்சையும் வைத்து ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“ஆயிரத்து நூறு” என்றார் ராமையா. “இனிமே ரிப்பேரு செலவு நான் பாத்துக்குறேன். ரெண்டு வருஷத்துக்கு ஏத்த மாட்டேன்.”

“தாள்ல எழுதிக்கலாம் அங்கிள்” என்றாள் சரசு.

இந்தத் தடவை யாருக்கும் கூச்சம் வரவில்லை. பெண்ணின் பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரரைக் கூப்பிட்டார்கள்.

ராமையா போகும்போது மேடையருகே நின்று கும்பிட்டார். வாழைப்பழச் சீப்பை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு வந்த முறை

அந்த இருநூறு எங்கிருந்தாவது வரவேண்டும்.

நாலைந்து நாள் கழித்துச் சரசு என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் மடித்த துணிகள். மெஷினிலிருந்து என் சட்டைகளையும் சேர்த்து எடுத்திருந்தாள்.

“அண்ணே, கட்டட வேலைக்கு வந்த ஒருத்தர் ரூம்பு கேட்டாரு. நானூத்தம்பது தர்றேன்னாரு. நீங்க நம்ம ஆளு. நீங்க நானூறு குடுங்க. அது போதும்.”

எனக்கு அந்தச் சமயம் ஒரு மரப்பலகைக் கிடங்கில் நாள்கூலி. மழை பெய்தால் வேலையில்லை. கொடுக்க முடியாதா என்றால், இழுத்துப் பிடித்தால் இரண்டு மூன்று மாதம் கொடுத்திருக்கலாம்.

“கோவமா சரசு?” என்று கேட்டேன்.

“கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல. நீங்க கெட்டதா நெனச்சுச் சொல்லல, தெரியும். ஆனா அண்ணே, நாங்க போக முடியாது. நீங்க போகலாம். உங்களுக்கு வேன் இல்ல, பிள்ள இல்ல, சாமி இல்ல. கைய வீசிட்டுப் போறவரு. அதான் உங்கள்ட்ட கேக்குறேன்.”

நான் அதை யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன். போகமாட்டார்கள் என்று தெரிந்ததால் அவர்களுக்கு ராமையா ஏற்றினார். போய்விடுவேன் என்று தெரிந்ததால் எனக்குச் சரசு ஏற்றினாள். ராமையா செய்தது தப்பு, சரசு செய்தது சரி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. திருப்பியும் சொல்ல வரவில்லை. ஜோகூர் பாருவில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த ஆளை நான் பார்த்ததில்லை. அவனுக்கும் யாராவது அனுப்பியிருக்கலாம்.

“ஞாயித்துக்கெழம காலி பண்ணிருவேன்” என்றேன்.

“ஞாயித்துக்கெழம சோறு இருக்கு” என்றாள். “சாப்ட்டுப் போங்க.”

ஞாயிறு அன்று சோறு ஆவதற்குள் நான் கிளம்பினேன். சமையலறையில் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்துகொண்டிருந்தது. தேவன் மட்டும் கேட் வரை வந்தான். வேனில் கொண்டுபோய் விடவா என்று கேட்டான். நடக்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் காலை

பெரிய சாலையில் நான் ஏறிய பேருந்து என்னை ஆயர் ஈத்தாமில் இறக்கியது. சட்டிபானைக் கடைகளுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில், வேலை இருக்கிறதா என்று விசாரித்தேன். கல்லாவில் இருந்தவர், கடைத்தெருவில் சீன முதலாளி ஒரு தவுக்கேக்குக் காவலுக்கு ஜாகா வேண்டுமாம், காலையில் போய்ப் பார் என்றார். அன்று இரவு கோயில் மண்டபத்தில் படுத்தேன். கொசு அதிகம்.

காலையில் போனேன். தவுக்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அதற்கு மேலே இரண்டு மாடி. இருபத்திரண்டு அறைகள். நேப்பாளிகள், வங்காளதேசிகள், நம் ஆட்கள் மூன்று பேர். நாற்காலித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். ஜாகாவுக்கு வேலை இதுதான்: படி கூட்டவேண்டும், குப்பை இறக்கவேண்டும், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவேண்டும், மாதம் பிறந்தால் வாடகை வாங்கவேண்டும். படிக்குக் கீழே ஒரு அறை எனக்கு. வாடகை இல்லை.

சரி என்றேன். அவர் என்னை மேலே கூட்டிக்கொண்டு போய் இரண்டு மாடியையும் காட்டினார். நடைபாதை நெடுக ஈரத் துணி. ஒரு கதவில் புதுத் திரைச்சீலை. ஒரு அறைக்குள் சுவரில் பலகை அடித்துப் படம் வைத்து ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். கடைசி அறைக்கு வெளியே பெயிண்ட் டின்களில் மிளகாய்ச் செடி. நாலு செடி, காய்த்திருந்தது. வேர்வரை ஈரமாக இருந்தது மண். யாரோ காலையில் வேலைக்குப் போகும் முன் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கீழே வந்ததும் தவுக்கே ஒரு தாளை எடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஏறும் என்று அதில் இருந்தது. தொகை எழுதாமல் விட்டிருந்தார். மலாய்மொழியில் கேட்டார்.

“எல்லாருக்கும் ஏத்துனா பாதிப் பேரு ஓடிருவான். எவன் போக மாட்டானோ அவனுக்கு மட்டும் ஐம்பது ஏத்தலாம்னு இருக்கேன். நீ இப்ப பாத்தியே, உனக்கு ஆளுங்களத் தெரியும்போல இருக்கு. யாரு போக மாட்டான், சொல்லு.”

“நான் இன்னைக்குக் காலையில வந்தவன் தவுக்கே” என்றேன். “எனக்கு யாரையும் தெரியாது.”

அவர் பேனாவை எடுத்தார்.

“அப்ப எல்லாருக்கும் இருபது” என்று எழுதிக் கொடுத்தார்.

அது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. தாளை நகலெடுத்து, பசை வாங்கிக்கொண்டு வந்து, முதல் மாடியிலிருந்து கதவு கதவாக ஒட்ட ஆரம்பித்தேன்.